அந்தோனியாருக்குப் பின்னால இருந்த போத்தில்

டிலானியின்ர அப்பா,

புட்டும் திரளி மீன் குழம்பும் குசினியில மூடி வைச்சிருக்கிறன்.

பத்து மணிக்கு உங்கட வீடியோ கோல் வரும். மூண்டு மாசமா நீங்கள் அறையைப் பூட்டிப்போட்டு ஒரு பொம்பிளையோட கதைக்க, நான் வேற மாதிரித்தான் நினைச்சனான். போன கிழமை கதவடியில நிண்டு கேட்டன். அது டொக்டர் அம்மா. "உங்கட மனுசிக்குச் சொல்லிட்டீங்களா?" எண்டு கேட்டா. நீங்கள் "ஓம், சொன்னனான்" எண்டீங்கள்.

நேற்றுச் செவ்வாய்க்கிழமை. சாமி மேடையில நிக்கிற அந்தோனியார் சுருவத்தைத் துடைக்க எடுத்தால், பின்னால லேபிள் கிழிச்ச மருந்துக் குளிசைப் போத்திலும் எச்.ஐ.வி கிளினிக் கொப்பியும். கொப்பியில உங்கட பேரும் போன வருசத்துத் திகதியும். செவ்வாயில நான் சுருவம் துடைக்கிறது உங்களுக்குத் தெரியாதோ? இல்லாட்டி நானாக் கண்டுபிடிக்கட்டும் எண்டு வைச்சனீங்களோ?

நான் என்ர ரத்தத்தைச் சோதிக்கக் குடுக்கப் போறன். ஆரும் கேட்டால் சந்தைக்குப் போனது எண்டு சொல்லுங்கோ. பொய் உங்களுக்கு நல்லா வரும்தானே.

றெஜினா

குளிசை இப்ப குசினியில, சீனிப் போத்திலுக்குப் பக்கத்தில இருக்கு. இனி அங்கதான் இருக்கும். சாப்பிட்டிட்டுப் போடுங்கோ.

டொக்டர் அம்மா திரும்பக் கேட்டால், மனுசிக்குத் தெரியும் எண்டு சொல்லுங்கோ. சொன்னனான் எண்டு மட்டும் சொல்லாதேங்கோ.