நீங்கள் சொன்னதாகச் சொன்னேன்

ஜெகதாப்பட்டினம்
18.11.2025

அன்புள்ள மாமாவுக்கு,

நானும் நம் பிள்ளைகளும் சுகம். அந்த இலங்கைச் சிறைச் சாப்பாடு உங்கள் வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறதா?

வேறு யாரும் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். போன வாரம் புயல் எச்சரிக்கை வந்தபோது, ஜெரால்டின் படகு இன்ஜின் பழுதாகி நடுக்கடலில் நின்றுவிட்டது. ரோந்துக் கப்பலைப் பார்த்தும் உங்களுக்குச் சொல்லாமல் தப்பி வந்தாரே, அதே ஜெரால்டுதான். அவரோடு மூன்று பேர். யாரும் படகு தரவில்லை. நம்மிடம் மிச்சமிருக்கும் படகை எடுக்கும்படி டிரைவர் பிரசாந்தைக் கேட்டேன்.

"அந்த ஆளுக்காகவாக்கா? போகமாட்டேன்" என்றான்.

"ஒங்க அண்ணன் ஜெயில்லேருந்து போன் போட்டாரு. போகச் சொன்னாருடா" என்றேன்.

பொய். அவன் மனைவிக்கு நிறைமாதம். தெரிந்தேதான் சொன்னேன்.

மறுநாள் மதியம் எல்லாரும் உயிரோடு கரையேறினார்கள். ஊரே வெடி போட்டது. "பகையாளியையும் காப்பாத்துன மனுசன்" என்று உங்களைத்தான் கொண்டாடுகிறார்கள். உண்மையை நான் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. திட்டியாவது எழுதுங்கள்.

உங்கள் சரண்யா

30.11.2025

சரண்யாவுக்கு,

என்னைக் கேட்டிருந்தால் போகக்கூடாது என்றுதான் சொல்லியிருப்பேன். ஜெரால்டு சாகட்டும் என்று இங்கே தினமும் நினைத்தவன் நான். பிரசாந்த் திரும்பாமல் போயிருந்தால் அவன் மனைவி முகத்தில் எப்படி விழித்திருப்பாய்? ஆனாலும் நான்கு வீட்டில் இழவு விழவில்லை என்று நினைத்தால் கோபம் நிற்கமாட்டேன் என்கிறது.

பிரசாந்திடம் உண்மையைச் சொல். ஊருக்கும் சொல். நல்ல பேர் எனக்கு வேண்டாம், அது உன்னுடையது.

உதயசூரியன்

19.12.2025

அன்புள்ள மாமாவுக்கு,

சொல்லிவிட்டேன். பிரசாந்த் எழுந்து வாசல் வரை போய்த் திரும்பினான். பிறகு, "இனிமே பொய் சொல்லி அனுப்பாதீங்கக்கா. கேளுங்க, வாரேன்" என்றான். அவனுக்குப் பெண் பிறந்திருக்கிறது.

மீன் ஏலக்கூடத்தில் எல்லார் முன்னாலும் சொன்னேன். ஜெரால்டுதான் முதலில் எழுந்தார். "அவரை மாட்டிவிட்டுட்டு ஓடுனவன் நான். எனக்காக இந்தம்மா பொய் சொல்லியிருக்கு" என்று அழுதார். பெண்கள் என்னைத் தூக்காத குறை. மீனவர் சங்கக் கமிட்டியில் என்னையும் சேர்த்துவிட்டார்கள், மாமா!

உங்கள் வழக்கைப் பார்க்கும் வக்கீல் நாளை அங்கே வருகிறார். இதை அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். வியாழக்கிழமை விடுதலையாம். ஜெரால்டு வேன் பிடித்துவிட்டார். சென்னை விமான நிலையத்துக்குத் தெருவே கிளம்புகிறது. பிள்ளைகளைப் பிடிக்க முடியவில்லை. வாசலுக்கு வந்ததும் கூட்டத்தைப் பார்த்து மிரளாதீர்கள், எல்லாரும் நம் ஆட்கள்தான்.

உங்கள் சரண்யா