தேர்தலுக்கு ஸ்டேஷன் போகும் துப்பாக்கி

அன்புள்ள அப்பாவுக்கு,

கர்த்தர் கிருபையால் நலமாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலியும் அம்மாவின் இருமலும் குறைந்தனவா?

நான் சமைக்கும் இந்த நமீபியா விடுதிக்கு வருபவர்கள் எல்லாம் வேட்டைக்காரர்கள். பயப்படாதீர்கள், நான் அடுப்படியோடு சரி. ஞாயிறு மதியம் மழை. பழங்காலத் துப்பாக்கிகளை மேசையில் பரப்பிக்கொண்டு, காட்டெருமையை வீழ்த்தினேன், சிங்கத்தைச் சாய்த்தேன் என்று கதையளந்தார்கள். காப்பி கொண்டுபோன நான், எங்கள் வீட்டிலும் ஓர் இரட்டைக்குழல் உண்டு என்று வாயை விட்டுவிட்டேன்.

"எதைச் சுட்டிருக்கிறது?" என்றார் பீட்டர் என்ற பெரியவர்.

"எதையும் இல்லை. தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கியை ஒப்படைக்க வேண்டும். உத்தமபாளையம் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகும், முடிந்ததும் வீட்டுக்கு வரும்."

விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நம் வாழைத்தோப்பில் யானை நின்ற காலையைச் சொன்னேன். நீங்கள் குறிபார்த்துவிட்டுத் துப்பாக்கியை இறக்கி, "ஏலே, தின்னது போதும், மலைக்கே போயிரு" என்று அதட்டியதைத் தமிழிலேயே நடித்துக் காட்டினேன். சிரிப்பு நின்றுவிட்டது.

நீங்கள் துப்பாக்கிக்குத் தேங்காய் எண்ணெய் போடுவதையும் சொன்னேன். போடக் கூடாதாம், பிசுக்கேறுமாம். பீட்டருக்கு அதன் படம் வேண்டுமாம். தங்கச்சியிடம் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நீங்களே பிடித்துக்கொண்டு நில்லுங்கள். என்னிடம் உள்ள படத்தில் உங்கள் மீசை இன்னும் கறுப்பாகவே இருக்கிறது.

தபால் கொண்டுபோகும் வண்டி ஹார்ன் அடிக்கிறது. படத்தில் துப்பாக்கி சரியாக விழாவிட்டாலும் பரவாயில்லை அப்பா, முகம் தெளிவாக விழட்டும்.

உங்கள் மகன்,
ஜெபராஜ்