வேலை போனதெல்லாம் அழைப்பு ஆகாது

அன்பு மகனுக்கு,

ஆண்டவர் தயவில் அப்பாவும் நானும் நன்றாக இருக்கிறோம், அப்பாவின் முழங்கால் மட்டும் அந்தத் தயவில் சேராமல் தனியாக நிற்கிறது. நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்றுதான் காலையும் இரவும் கேட்கிறேன், ஆனால் நீ எழுதியதைப் படித்தால் உடம்புக்கு ஒன்றுமில்லை, புத்திக்குத்தான் ஏதோ ஆகியிருக்கிறது என்று தெரிகிறது. ஆஸ்பத்திரியில் மெஷின் பழுது பார்க்கிற பிரிவையே மூடிவிட்டு உன்னையும் அனுப்பிவிட்டார்கள், அது அநியாயம்தான், நான் மறுக்கவில்லை. பிறகு போய்க் கேட்ட இடங்களிலும் இல்லை என்றார்கள், சரி. அதற்காக, கதவெல்லாம் மூடுகிறது, ஆண்டவர் என்னை முழுநேர ஊழியத்துக்கு அழைக்கிறார் போலிருக்கிறது, வீட்டுக்கு வந்து அப்பாவோடு இருந்து பழகிக்கொள்கிறேன் என்று எழுதியிருக்கிறாயே, கம்பெனிகள் கழித்துக்கட்டினவர்களை எல்லாம் பொறுக்கிக்கொள்ளத்தான் ஆண்டவர் உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்தாயா? ஒரு போதகருக்கு மனைவியாக இத்தனை காலம் இருந்துவிட்டேன், அழைப்பு வந்ததென்று சொல்லிக்கொண்டு நம் வீட்டு வாசலுக்கு வந்தவர்கள் கொஞ்சநஞ்சம் இல்லை. உன் அப்பாவைத் தவிர, சம்பளம் வாங்கிக்கொண்டிருக்கும்போது அழைப்பு வந்த ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

உனக்கு வேலை போன சேதியைப் பெண்கள் ஜெபக்கூட்டத்தில் சொன்னது என் புத்திகெட்டதனம். கண்ணை மூடிக்கொண்டு ஆண்டவரிடம் பேசுவதுபோல் எனக்குப் பாடம் எடுத்தார்கள். சபைப் பொருளாளரின் மனைவி, இந்தத் தாயின் பெருமையை உடைத்தருளும், அந்தப் பிள்ளை இனியாவது பெரியவர்கள் சொல் கேட்டு நடக்கட்டும் என்று உருகி உருகி ஜெபித்தாள். என் முறை வந்ததும் நானும் விடவில்லை, அடுத்த வீட்டுப் பிள்ளைகளுக்காகவே கவலைப்படும் சகோதரிகளுக்குத் தங்கள் வீட்டைப் பார்க்கவும் கொஞ்சம் நேரம் கொடும் என்று கண்ணைத் திறக்காமலே கேட்டுக்கொண்டேன். ஆமெனையும் நானே சொல்லிக்கொண்டேன். இவர்களுக்கு நடுவில்தான் நீ ஊழியம் செய்யப் போகிறாயா, ஒரு மாதம் தாங்குவாயா?

கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தாய், அதுதான் எனக்குத் தலைப்புச் செய்தி. சின்ன டயாலிசிஸ் சென்டர் ஒன்றில் உன்னைக் கூப்பிடுகிறார்கள், வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும், ஆனால் அங்கே மேலதிகாரியாக இருப்பவன் உன்னிடம் வேலை கற்றுக்கொண்டவன். அப்படியானால் இது கதவில்லையா? தலையைக் குனிந்துகொண்டு போக வேண்டிய கதவு, அதனால் துரை அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. நேற்றுவரை டேய் என்று கூப்பிட்டவனை இன்று சார் என்று கூப்பிட வெட்கம், அந்த வெட்கத்துக்கு ஒரு போதகர் அங்கி தைத்துப் போடப் பார்க்கிறாய். அப்பா உன் கடிதத்தைப் படித்துவிட்டு உள்ளே போய் வெகுநேரம் ஜெபித்தார். வெளியே வந்து ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "அழைப்பு வந்து வர்றான்னா சந்தோஷம். ஒளிஞ்சுக்க இடம் தேடுறவனுக்குப் பிரசங்க பீடம் எதுக்கு, பீரோ போதுமே."

நம் சபையில் மணியடிக்கிறவரை உனக்குத் தெரியும், பிரசங்கம் தொடங்கினதும் தூங்கிவிடுகிற பெரியவர். அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது, இப்போது டயாலிசிஸில்தான் ஓடுகிறது. போன வாரம் துணைக்கு ஆள் இல்லையென்று நான் கூடப் போனேன். பாதியில் மெஷின் கத்த ஆரம்பித்தது, அவர் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார், எனக்கும் உயிர் போய் உயிர் வந்தது. ஒரு பையன் வந்து பின்பக்க மூடியைக் கழற்றினான், எதையோ மாற்றினான், யார் முகத்தையும் பார்க்காமல் போய்விட்டான். பெரியவர் சொன்னார், "அம்மா, நம்ம ஐயா பிரசங்கத்துல நான் தூங்குவேன், அது ஊருக்கே தெரியும். ஆனா இந்தத் தம்பிக்காக ஜெபம் பண்ணாம நான் ஒரு நாளும் படுத்ததில்ல. பேருகூடத் தெரியாது." எனக்குச் சட்டென்று நீதான் ஞாபகத்துக்கு வந்தாய். நீயும் அப்படித்தானே யார் முகத்தையும் பார்க்காமல் போயிருப்பாய், உனக்காகவும் எத்தனை கட்டிலில் எத்தனை பேர் ஜெபித்திருப்பார்கள். அழைப்பு அழைப்பு என்று புலம்புகிறாயே, அது உனக்கு வந்து வெகுகாலம் ஆகிறது, இப்போது விலாசம்தான் மாறியிருக்கிறது.

ஆண்டவர் உன் கைகளையும், முக்கியமாக உன் கழுத்தையும் ஆசீர்வதித்து, குனிய வேண்டிய இடத்தில் குனியப் பண்ணுவாராக. வெள்ளிக்கிழமைக்குள் பதில் போட்டுவிட்டு எனக்கும் தெரியப்படுத்து, நேரத்துக்குச் சாப்பிடு. ஒன்றை மறைக்க எனக்கு மனம் வரவில்லை. நீ வருகிறேன் என்று எழுதியதைப் படித்த உடனே உன் கட்டிலைத் துடைத்துப் புது விரிப்புப் போட்டேன், பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன், பிறகு விரிப்பை மடித்து உள்ளே வைத்தேன். நீ வந்தால் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று ஆண்டவர் ஒருவருக்குத்தான் தெரியும். இப்போது வராதே.

உன் அம்மா