அண்ணனுக்குச் சொல்லிக்கொடுத்த பதில்கள்

அக்டோபர் 6, திங்கள்

இன்றும் ஆஸ்பத்திரியில், மனநோயாளிகளைச் சோதிக்கும் மேடத்தின் அறையைத் துடைத்தேன். அவர் பரிசோதிக்கும்போது வாசல் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பேன். தண்ணீர் கேட்டால் கொடுக்க வேண்டும். மை சிந்தியது போன்ற படங்களைக் காட்டி, "என்ன தெரியுது?" என்பார். எல்லாம் காதில் விழும்.

வியாழக்கிழமை அண்ணனின் முறை. இரண்டு மாதமாக அவன் வேலைக்குப் போகவில்லை. பக்கத்து வீட்டார் சுவர் வழியாகத் தன் நினைப்பைக் கேட்கிறார்களாம்.

"பைத்தியம்னு எழுதிட்டா அவனுக்கு யாருடி வேலை குடுப்பா? உனக்குத்தான் அங்க எல்லாம் தெரியுமே" என்றாள் அம்மா.

அம்மாவை எதிர்த்து நான் என்றைக்குப் பேசினேன்?

அக்டோபர் 8, புதன்

சொல்லிக்கொடுத்தேன். வௌவால், பட்டாம்பூச்சி, இரண்டு பேர் குனிந்து நிற்கிறார்கள். சுவர் பற்றிக் கேட்டால் "அப்படியெல்லாம் ஒண்ணுமில்ல" என்று சொல்லச் சொன்னேன். எட்டாவதோடு நின்ற நான் பாடம் எடுத்தேன்!

"இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?" என்றான். சிரித்து மழுப்பினேன்.

அக்டோபர் 9, வியாழன்

அண்ணன் சொன்னதெல்லாம் என் வார்த்தைகள். வாசல் ஸ்டூலிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். "சோதனையில பெரிசா ஒண்ணும் தெரியல. வீட்ல இருக்கவங்ககிட்டயும் பேசிட்டுத்தான் முடிவு சொல்வேன்" என்றார் மேடம். அம்மா சந்தோஷத்தில் அழுதாள்.

அக்டோபர் 10, வெள்ளி

நான் கொடுத்த தண்ணீரை அண்ணன் கீழே ஊற்றினான்.

"நான் என்ன பேசணும்னு முன்னாடியே முடிவு பண்ணி உன்கிட்ட குடுத்து விட்டிருக்காங்க. நீயும் அவங்க ஆளு."

ஐயோ, இல்லண்ணா. நான் என்ன பண்ணி வச்சிருக்கேன்!

அக்டோபர் 12, ஞாயிறு

அண்ணன் இரண்டு நாளாகப் பட்டினி. அம்மா தட்டை நீட்டினாலும், "அவ தொட்டாளா?" என்கிறான். மேடத்திடம் சொல்லிவிடலாம் என்றேன். "மூச்சு விடாத, உன் வேலையும் போயிடும்" என்றாள் அம்மா.

அக்டோபர் 13, திங்கள்

சொல்லிவிட்டேன்.

மேடத்தின் அறை முன்னால் அரை மணி நேரம் நின்றேன். வாட்ச்மேன் வேறு, "வாயத் தொறந்தா முத்து உதிர்ந்துடுமா?" என்று கிண்டல் செய்தார்.

மேடத்துக்குக் கோபம். "உதவி பண்றேன்னு அவரோட வியாதிய மறைச்சிருக்க. அந்தச் சோதனையை இனி நம்ப முடியாது." பிறகு எதிர் நாற்காலியைக் காட்டினார். "உக்காரு. சோதனைய மட்டும் வச்சு நாங்க எதையும் எழுதறதில்ல. வீட்ல என்ன நடக்குது? முதல்லேர்ந்து சொல்லு."

ஒரு மணி நேரம் பேசினேன். திக்கித் திக்கித்தான். அவர் எழுதிக்கொண்டே இருந்தார்.

மாலையில் டாக்டர் அண்ணனை வார்டில் சேர்த்தார். அம்மா என்னோடு பேசவில்லை.

அக்டோபர் 14, செவ்வாய்

என்னைத் துணி துவைக்கும் பகுதிக்கு மாற்றிவிட்டார்கள். நியாயம்தான்.

அக்டோபர் 22, புதன்

மாத்திரை போடுகிறான். சாப்பிடுகிறான். என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான்.

நவம்பர் 5, புதன்

வழக்கம்போல வார்டு வாசலோடு நின்றேன். அண்ணன் வெகுநேரம் என்னையே பார்த்தான்.

"யாரு அனுப்பினாங்க உன்ன?"

"யாரும் அனுப்பலண்ணா. நானாத்தான் வந்தேன்."

காலை மடக்கிக்கொண்டு கட்டிலில் கொஞ்சம் நகர்ந்தான்.

"சரி, உக்காரு."