நாலு விரக்கடை குறைச்சல்

3-9-70 வியாழன்

பூச்சி, உன் துப்பாக்கி லைசன்ஸ் என் பேருக்கு மாறி வந்துருச்சு. தாலுகா ஆபீஸ் கிளார்க் கண்ணாடிக்கு மேல என்னைப் பார்த்து, "ஆத்தா, யாரைச் சுடப்போற?"ன்னு கேட்டாக. காட்டுப்பன்னியைன்னேன். சிரிச்சுக்கிட்டே கையெழுத்துப் போடச் சொன்னாக. மூணாப்புப் படிப்பு அதுக்காச்சும் ஒதவுச்சு.

நீ கண்ணை மூடுனதுல இருந்து ஸ்டேஷன்ல கெடந்த துப்பாக்கி இப்ப உன் கட்டிலுக்கு அடியில இருக்கு. வெறும் இரும்பு. தோள்ல வைக்கிற பின்கட்டை இல்லாம ஒடிஞ்ச குழாய் மாதிரி இருக்கு. பழசு ஒடிஞ்சுபோச்சுன்னு நீ செய்யக் குடுத்த புதுக் கட்டை கோம்பை ராக்கையா ஆசாரிகிட்ட இருக்காம். திங்கக்கிழமை போறோம்.

நீ மூணு பக்கம் எழுதிப் போட்ட டைரியில எழுதுறேன். கோவிச்சுக்காத.

7-9-70 திங்கள்

வயிறு எரியுது.

சின்னச்சாமி கொழுந்தனைக் கூட்டிக்கிட்டு டவுன் பஸ்ல போனேன். சாக்குல என்ன, கரும்பான்னு கண்டக்டர் கேட்டான். ஆமான்னு சொல்லிட்டோம்.

ராக்கையா கட்டையை இரும்புல மாட்டிக் குடுத்தான். பேருதான் எனக்கு, சுடப்போறது கொழுந்தன்தானே, அவர் தோள்ல வச்சுப் பார்த்தார். முழங்கை கோழி ரெக்கை மாதிரி வெளிய நிக்குது. "மதினி, இது திருவிழாவுல விக்கிற சாமான்"ங்கிறார். ஒடிஞ்ச பழைய கட்டையைப் பக்கத்துல வச்சுப் பார்த்தேன். புதுசு நாலு விரக்கடை குறைச்சல். வாசல்ல குனிஞ்சு வர்ற ஆளு நீ, உனக்கா இந்தக் கட்டை?

இரும்புக்கும் மரத்துக்கும் நடுவுல வேற சந்து. என் சுண்டுவிரல் நகம் உள்ள போகுது. சுட்டா ஆடாதா? ஆடினா மரம் பிளக்காதா?

சந்தைச் சரி பண்றேன்னான். நீளத்துக்கு மட்டும், "உன் மகன் குடுத்த அளவுதான்"னு ஒரே பேச்சு. செத்தவன் மேல பழி போடாதன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

8-9-70

பன்னி வந்துருக்கு. கீழ்ப்பாத்தியில ஆறு வரிசை கடலை போச்சு.

15-9-70 செவ்வாய்

மறுபடி கோம்பை. சந்தைச் சரி பண்ணிட்டேன்னு குடுத்தான். மேல கறுப்பு வார்னிஷ் பளபளன்னு. நான் கொண்டை ஊசியால குத்திப் பார்த்தேன். மெழுகும் மரத்தூளும் உதிருது! அடைச்சு வச்சுருக்கான். ஒரு திருகாணி கோணலா ஏறி, அங்கன மயிரு மாதிரி ஒரு வெடிப்பு.

"ஒன் வீட்டுக் கதவுக்கு இப்படித்தான் செய்வியா?"ன்னேன். கதவு உதைக்காதே ஆத்தாங்கிறான். என்ன நக்கல் பாரு.

நீ ரெண்டு வருசம் மச்சுல போட்டு உலர வச்ச கறுப்பு ஈட்டிமரப் பலகை. தொடக்கூட விடமாட்ட என்னைய. அதைப் போயி இவன்கிட்ட குடுத்தியே, உனக்கு வேற ஆளே கிடைக்கலையா பூச்சி?

19-9-70 சனி

கொழுந்தன் தகரத்தைத் தட்டித் தட்டிக் கை வீங்கிக் கிடக்குறார். பன்னிக்குத் தகரம் பழகிப்போச்சு. வெடிச்சத்தம் கேட்டாத்தான் ஓடும். காய் பிடிக்கிற நேரம் இது. இதுவும் போச்சுன்னா அடுத்த வருசம் மலையடிக் காட்டைக் குத்தகைக்கு விட்டுருன்னு அவர் சொல்றார். நீ கல்லுப் பொறுக்குன காட்டையா?

மாட்டேன்.

24-9-70 வியாழன்

இன்னைக்குத் தனியாத்தான் போனேன்.

எல்லாம் யோசிச்சு வச்சுருந்தேன். கட்டையைக் குறைச்சு மிச்சப் பலகையைத் தின்னுட்டான்னு. உள்ள நுழையும்போது ராக்கையா கறுப்பா ஒரு முக்காலியில உக்காந்திருந்தான். "என் மகன் பலகை மேல உக்காந்திருக்க. எந்திரி"ன்னேன். அவன் எந்திரிச்சு முக்காலியைக் கவுத்துக் காட்டினான். வேப்பமரம். மேலதான் கறுப்பு.

அப்புறம் சுவத்து ஆணியில இருந்து ஒரு கொத்துக் கயிறு எடுத்தான். வேலைக்கு ஒரு கயிறாம். குடுத்தவங்க திருப்தியா வாங்கிட்டுப் போற வரைக்கும் அளவுக் கயிறைத் தூக்கிப் போடமாட்டானாம். அதுக்குள்ள ஒண்ணு மட்டும் வாழைநாரு. காஞ்சு சருகாயிருந்துச்சு. ரெண்டு முடிச்சு.

"இதான் உன் மகன் கொண்டாந்தது. முழங்கை மடிப்புல இருந்து விசை இழுக்குற விரல் வரைக்கும். யாரு கைன்னு நான் கேக்கல."

கையில வாங்கினேன். அவன் என் கையைத் தொடல. மடக்கு ஆத்தான்னு மட்டும் சொன்னான். நானே வச்சுப் பார்த்தேன்.

ஒரு முடிச்சு என் முழங்கையில. இன்னொண்ணு என் ஆள்காட்டி விரல்ல.

தை மாசம். நான் கொல்லையில கதம்பம் கட்டிக்கிட்டிருந்தேன். கையை நீட்டு, உன் கை எம்புட்டுக் குட்டைன்னு பாக்குறேன்னு ஒரு வாழைநாரை எடுத்து வச்ச. போடா சோம்பேறின்னேன். சிரிச்சுக்கிட்டே முடிச்சுப் போட்டுப் பையில வச்ச. வெளையாடுறன்னு நெனச்சேன்.

கட்டையை என் தோள்ல வச்சேன். இத்தனை தடவை போயி வந்தும் என் தோள்ல வச்சுப் பாக்கணும்னு யாருக்கும் தோணல. எனக்கும்தான் தோணல. கன்னம் தானா போயி ஒட்டுது.

அழுதா அவன் தப்பிச்சுருவான். அழல. "நீளம் சரி. சந்துக்கு என்ன சொல்ற?"ன்னேன். அது என் தப்புதான், ஆணிக் கண்ணு உட்பட திரும்பச் செதுக்கித் தாரேன்னு தலையைக் குனிஞ்சுக்கிட்டான்.

2-10-70 வெள்ளி

செதுக்கின கட்டையை வாங்கியாந்து நேத்துச் சுட்டேன். வானத்தைப் பார்த்துத்தான். தோள்ல கையால தள்ளின மாதிரி ஒரு உதை, அம்புட்டுத்தான். பன்னி மலையேறிருச்சு. கொழுந்தன் பத்தடி தள்ளி நின்னு காதைப் பொத்திக்கிட்டு, மதினி மதினின்னு கத்துறார்.

சந்து இன்னும் நூலளவு இருக்கு. வெளிச்சத்துல பார்த்தா தெரியுது. அடுத்த வாரம் போயி அவனை உண்டு இல்லைன்னு பண்ணணும்.

ஒண்ணே ஒண்ணுதான் பூச்சி. அதே தை மாசந்தான் வயித்துவலின்னு மதுரைக்குத் தனியாப் போயி டாக்டரைப் பார்த்துட்டு வந்த. ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டாகன்னு சொல்லி, ரெண்டு தோசை கூடப் போடச் சொல்லித் தின்ன. நானும் நம்பிட்டேன், அந்த வலியே உன்னைக் கொண்டுபோற வரைக்கும். நாளை நெனச்சு நெனச்சுப் பாக்குறேன், பிடிபடல. நீ என் கையை அளந்தது மதுரைக்குப் போறதுக்கு முந்தியா, வந்த பிறகா?