செத்த இரு

27.10.1961, வெள்ளி
விடாத தூறல். சமையற்கட்டு மூலையில் ஒழுகல், அண்டாவை வைத்தாயிற்று. நாலாம் வகுப்புக் கணக்கு நோட்டுகள் பாதி அப்படியே கிடக்கின்றன. கழித்தல் என்றால் மட்டும் பிள்ளைகள் ஏன் கடன் வாங்க மறந்துவிடுகிறார்களோ.

வேடசந்தூர் ரோட்டு டூரிங் கொட்டகையில் இவர் நடித்த படம் மறுபடி. கதாநாயகன் யார் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. எதிர்வீட்டுக் கமலம்: "பாடைக்காரன் படம் வந்திருக்கு டீச்சர். ஒங்க வீட்டுக்காரருக்காகத்தேன் அம்புட்டுக் கூட்டமும்."

வேலைக்கார வேஷம். அசந்து தூங்குகிறவரைப் பிணம் என்று பாடையில் தூக்கிப் போகிறார்கள். நடுவழியில் எழுந்து உட்கார்ந்து, "செத்த இருங்கப்பா, வாரேன்" என்று குதித்து ஓடுகிறாராம். எழுதிக் கொடுத்தது 'சற்றுப் பொறுங்கள்'. இவர் நம் ஊர்ச் சொல்லைப் போட்டுவிட்டார். பட்டணத்துக்காரர்கள் பிணம் பேசுகிறது என்று சிரித்தார்கள். நம் பக்கத்தில் செத்த என்றால் 'கொஞ்ச நேரம்' என்பதும் சேர்ந்து நமக்கு இரட்டைச் சிரிப்பு. படத்தையே அள்ளிக்கொண்டு போனார் என்று பேச்சு.

நான் பார்த்ததில்லை. அந்தப் படம் முடிந்து ஊருக்கு வந்தவர், அடுத்த படத்துக்கென்று கிளம்பியபோது என்னிடம் சொன்னதும் அதேதான். செத்த இரு, வாரேன். ஆறு வருஷம். கடுதாசி இல்லை, ஆள் இல்லை, சாவுச் செய்தியும் இல்லை.

29, ஞாயிறு
பூசைக்குப் பிறகு இவர் தம்பி சவரி வந்தான். "மதினி, இந்தக் கல்லறைத் திருநாளுக்காச்சும் அண்ணன் பேரக் குடுத்துருவோம். ஆத்துமாவுக்கு ஒரு பூசை வேணாமா?"

இறந்தவர்களோடு சேர்த்துச் சுவாமியார் பெயரை வாசித்துவிட்டால் நான் தாலியைக் கழற்ற வேண்டும். அதை அவன் சொல்லவில்லை. என் கழுத்தைப் பார்க்காமல் காப்பித் தம்ளரையே பார்த்தான். யோசிக்கிறேன் என்றேன். பூட்டுக்குப் பேர்போன ஊரில் குடியிருந்துகொண்டு கொல்லைக்கதவை இத்தனை வருஷமாகப் பூட்டாதவள் நான் ஒருத்திதான். வந்தால் அந்த வழியாகத்தான் வருவார்.

சோறு வடிக்கும்போது காற்றோடு குரல். "செத்த இரு, வாரேன்." கொட்டகை ஸ்பீக்கர். இவர் குரலேதான், சளி கட்டினாற்போல. 'ங்கப்பா' காற்றில் போய்விட்டது போலிருக்கிறது. "சரி" என்று பதில் வேறு சொல்லிவிட்டேன். அசடு.

30, திங்கள்
சீயக்காய் தீர்ந்தது. இன்ஸ்பெக்ஷன் தள்ளிப்போயிற்று, நிம்மதி.

இன்றும் குரல். இன்றும் 'இரு' மட்டும். என்னிடம் சொல்வதுபோல. உயிரோடு இருக்கிறவர்தான் இப்படிப் பேச முடியும் என்று தோன்றியது. சவரியிடம் முடியாது என்று சொல்லிவிட வேண்டும்.

31, செவ்வாய்
கமலத்தோடு படம் பார்த்தேன். மணல் எல்லாம் ஈரம், சாக்கு விரித்து உட்கார்ந்தோம்.

பாடை வந்தது. இவர் எழுந்தார். அதே கோணல் சிரிப்பு. வாயைத் திறந்தார். சத்தமே இல்லை. கொட்டகை மொத்தமும் ஒரே குரலாகச் சொன்னது: "செத்த இருங்கப்பா, வாரேன்." சிரிப்பு அலை அலையாக. நான் கமலத்தின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

வெளியே வரும்போது மானேஜரைக் கேட்டேன். "அந்த எடத்துல பிலிம் தேஞ்சுபோச்சும்மா. ரொம்ப நாளா ஊமைதேன். சனமே சொல்லிக்கிருது. அதுவும் நல்லாத்தேன இருக்கு."

அப்படியானால் என் வீட்டில் கேட்டது?

1.11, புதன்
சகல அர்ச்சிஷ்டவர்கள் திருநாள், புனிதர் எல்லாருக்கும்; நாளை கல்லறைத் திருநாள். பள்ளி இல்லை. தூக்கமும் இல்லை.

படத்தில் வாய் இருக்கிறது, குரல் இல்லை. என் வீட்டில் குரல் இருக்கிறது, வாய் இல்லை. உயிரோடு இருக்கிறவர் இப்படி இரண்டாகப் பிரிந்து கிடக்கமாட்டார். சவரியிடம் "அண்ணன் பேரக் குடுத்துரு அப்பு" என்றேன். துக்கத்தில் சொல்லவில்லை. பயத்தில் சொன்னேன்.

2, வியாழன்
மழை. சுவாமியார் பெயரை வாசித்தார். வேறு யாரோ போல இருந்தது. இவருக்குக் கல்லறை ஏது? கல்லறைத் தோட்டத்து நடுச் சிலுவையின் அடியில் மெழுகுதிரி ஏற்றினேன். அணைந்து அணைந்து போயிற்று. சவரி குடை பிடித்தான். "விடுங்க மதினி, ஏத்துனதே போதும்."

வீட்டுக்கு வந்து கழற்றினேன். கொல்லைக்கதவுக்குச் சவரி புதுப் பூட்டு வாங்கி வந்து போட்டான். தாலி, சாவி இரண்டையும் செபமாலை டப்பாவில் போட்டு, கை சட்டென்று போகாத இடத்தில் வைத்தேன். அழுதேன். கழுத்து லேசாக இருப்பது வெட்கமாக இருந்தது.

குரல் இல்லை. விட்டது.

3, வெள்ளி
வெயில். துணியெல்லாம் காய்ந்தது. நோட்டு முழுக்கத் திருத்தியாயிற்று. கொட்டகையைப் பிரித்து வடமதுரைக்கு வண்டி ஏற்றிவிட்டார்களாம். பள்ளி விட்டு வரும்போது பார்த்தேன், கம்பு நட்ட குழிகள்தான் மிச்சம்.

வெஞ்சனம் கத்தரிக்காய். சோறு வடிக்கும்போது குரல்.

ரோட்டுப் பக்கமிருந்து இல்லை. கொல்லையிலிருந்து. 'செத்த இரு' இல்லை.

"வாரேன்" மட்டும்.

இப்போது பூட்டு ஆடுகிற சத்தம். கஞ்சி அடுப்பில் கொட்டிவிட்டது. பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் வீடு முழுக்கத் தேடிவிட்டேன், சாவி போட்ட அந்த டப்பாவை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை.