உள்கட்டுக் கணிப்பொறி எழுந்த செய்தி

நலம் பெருகுக! மழை பொய்யாத மருங்கூர் நாட்டுக்கும் அதன் ஏழு குன்றுகளுக்கும் உரிய கோமகன், எல்லைக் கோட்டையில் பாசறை அமைத்திருக்கும் மாமன்னர் வேங்கையரையர் திருமுன், அவர் மீளும்வரை அரியணை காக்கும் தமக்கை கயற்கோதை விடுத்த ஓலை. தங்கள் படையும் யானையும் நோயின்றி வாழ்க. தங்கள் கொடி சாயாது நிற்க. அரசர்க்குரிய வணக்கம் இத்துடன் நிறைந்தது. இனி வருவது தம்பிக்கு.

அப்பாடா! அரண்மனை உள்கட்டில் நம் வீட்டார் எல்லோரும் பயன்கொள்ளும் கணிப்பொறி, ஒன்பது நாளாக ஒரு காலையும் தவறாமல், பொத்தானை ஒருமுறை அழுத்தியதும் எழுகிறது. மழைக்காலம் முழுவதும் அது நம்மை ஆட்டிவைத்ததை நீ அறிவாய். காலையில் விசிறி சுழலும், திரை ஒளிரும், ஐந்து எண்ணுவதற்குள் அணைந்துவிடும். உச்சிவேளையில் ஒன்றுமறியாதது போல எழுந்து நிற்கும். அதைப் பேணும் எயினனே சூழ்ச்சி செய்கிறான் என்று எவனோ உன் காதில் ஓத, பௌர்ணமிக்குள் பொறி சீராகாவிடில் அவன் குடும்பத்தோடு எல்லை கடக்க வேண்டும் என்று நீயும் ஓலை விடுத்தாய். அவன் மனைவி அல்லிக்கு அப்போது ஒன்பதாம் மாதம். தெருமுனை வரை நடக்கவே மூச்சு வாங்கியது. அவளை எந்தக் காட்டுவழியில் அனுப்புவது என்றெண்ணி எனக்குச் சோறு இறங்கவில்லை.

எயினன் சும்மா இருக்கவில்லை. மின்கம்பிகளை மாற்றினான், மின்சாரம் வழங்கும் பெட்டியைப் புதிதாகப் பொருத்தினான், நினைவகச் சில்லுகளைக் கழற்றித் துடைத்துச் செருகினான். சோதிடர் வந்து, பொறிக்குச் சனி பிடித்திருப்பதாகக் கூறிக் கிழக்கு நோக்கித் திருப்பி வைத்தார். அதற்கும் மசியவில்லை.

பௌர்ணமிக்கு முந்தின நாள் நானே அருகில் அமர்ந்து பார்த்தேன். எயினன் பொத்தானின் ஓரத்தை மட்டும் சுண்டுவிரலால் அழுத்தினான். ஏனென்று அதட்டியதும், நடுவில் மன்னர் இட்ட சந்தனம் இருப்பதால் தொட அஞ்சுவதாக உரைத்தான். ஆயுத பூசையன்று நீ அள்ளி அப்பினாயே, அதே சந்தனம்! மன்னர் கையால் இட்ட திலகத்தைப் பிறர் அழிக்கலாகாது என்பது நம் நாட்டு வழக்கல்லவா? அது பொத்தானின் இடுக்கில் இறங்கி, ஈரக்காற்றில் ஊறி, அழுத்திய பொத்தானை மேலெழ விடாமல் பிடித்துக்கொண்டது. பொத்தான் அழுந்தியே கிடந்தால் பொறி அணைந்துவிடும். வெயில் ஏறிச் சந்தனம் காய்ந்தால் பிடி விடும். எயினனுக்கு இந்த ஐயம் முன்பே உண்டாம். மன்னர்மீது குற்றம் சொல்வதினும் ஊரைவிட்டுப் போவதே மேலென்று வாய்மூடி இருந்தானாம். அடப்பாவி என்று திட்டினேன், திட்டிக்கொண்டே அழுதுவிட்டேன்.

பிறகு மின்தொடர்பை நீக்கச் சொல்லி, ஈர்க்குச்சி கொண்டு நானே சுரண்டி எடுத்தேன். பொத்தான் டக்கென்று மேலே வந்தது. உன் ஓலையையும் அன்றே நிறுத்திவைத்தேன். நேற்று அல்லிக்குப் பெண் பிறந்திருக்கிறாள். அவர்கள் வீட்டிலேயே, தாயும் சேயும் நலம்.

ஆகவே ஆணை யாதெனில்: எயினன்மேல் சுமத்திய பழியை நீக்கி, உன் கைப்பட எழுதி, இதைக் கொணர்ந்தவன் வசமே அனுப்புக. மன்னரின் திலகத்தை அழித்தவர்க்கு நாடுகடத்தலே தண்டனை என்பதும் நம் வழக்கே. எவரையேனும் அனுப்பித்தான் ஆகவேண்டும் எனில், அழித்தவள் நான், என் பெயரை எழுதுக. எழுதியதும் குதிரையேறி வந்து, இந்த அரியணையையும் உள்கட்டையும் நீயே கட்டி மேய்த்துக்கொள்க.

இங்ஙனம், யாழ் இலச்சினை பொறித்து, கயற்கோதை.